உஸ்பெக் கள்ளனும் கனகாம்பிகையின் வடையும்

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீற் நோர்த்தில் நின்று கலாவதி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. உஸ்பெக் அக்கா வீடு எது என்று கேட்டால், கறிவேப்பிலை வாங்க வந்தவர் அதை வாங்காமலே கூட நடந்து வந்து, கதவு மணியையும் அமத்திவிட்டுப் போவார்.

கலாவதி சாவகச்சேரிக்காரி. எழுபத்தைந்தாம் ஆண்டு சோவியத் புலமைப்பரிசிலில் நெசவுத் தொழில்நுட்பம் படிக்கத் தாஷ்கண்டுக்குப் போனாள். வகுப்பில் நடந்தது ரஷ்ய மொழி. உஸ்பெக் மொழியைப் பழக்கியது விடுதியில் கூட இருந்த தோழி, அவளுக்கோ துப்பறியும் கதைப் பைத்தியம். ஆகவே கலாவதிக்கு வந்தது முழுக்கக் கள்ளன் பொலிஸ் உஸ்பெக். சந்தையில் தக்காளி என்ன விலை என்று கேட்கத் தெரியாது. "உண்மையைச் சொல், இது எங்கேயிருந்து வந்தது, உன்னோடு கூட நின்றவர்கள் யார்?" என்று கேட்கத் தெரியும். தக்காளிக்காரர் பயத்தில் இரண்டு கூடப் போட்டுக் கொடுத்ததாகக் கேள்வி.

எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தபோது பெட்டியில் சில சேலைகளும் ஒரு பட்டமும் பதினொரு உஸ்பெக் துப்பறியும் நாவல்களும் இருந்தன. சேலை குளிருக்கு உதவவில்லை. பட்டத்தை வேலை அலுவலகத்தில் ஒருவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, முத்திரை வடிவாக இருக்கிறது என்றார். கடைசியில் ஸ்ட்ராட்போர்டில் ஒரு திரைச்சீலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. துணியைப் பின்பக்கம் பார்த்தே முன்பக்கத்தில் என்ன பூ என்று சொல்லிவிடுவாள். அங்கே அவளுடைய படிப்பில் செலவானது அவ்வளவுதான். அதைப்பற்றி யாரும் கேட்டால், தனக்கு ஒரு குறையும் இல்லை என்பாள். முகம் வேறொன்று சொல்லும். வாய் ஒரு பக்கம் போனால் முகம் மறுபக்கம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருகிற ரகம் அவள்.

அவளுடைய கணவர் தியாகராஜா ஆர்ச்வே ரியூப் ஸ்ரேஷனில் ரிக்கற் பார்ப்பவர். பேச்சு ஆள். ரிக்கற் இல்லாமல் வருகிறவனைக்கூட உடனே பிடிக்கமாட்டார், பத்து நிமிஷம் கதைத்துவிட்டுத்தான் பிடிப்பார்.

ஒரு குளிர்காலம் ரெலிவிஷன் பழுதாகிவிட்டது. பொழுது போகாமல் கலாவதி ஒரு நாவலை எடுத்து வாய்விட்டு வாசித்தாள். தியாகராஜா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழும்பிச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு, நெற்றிக்குத் திருநீறும் பூசிக்கொண்டு வந்து எதிரே நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்.

"சும்மா வாசிச்சால் அது வாசிப்பு. படிப்பு எண்டால் ஒராள் படிக்கவேணும், ஒராள் பயன் சொல்லவேணும்."

ஊர்க் கோயில்களில் புராணம் படிக்கிற முறை அது. ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் அதற்கு விரிவாகப் பொருள் சொல்லுவார். பொருள் சொல்லுகிறவருக்குத்தான் மரியாதை கூட. தியாகராஜா தமக்கு எந்த வேலையை எடுத்துக்கொண்டார் என்று சொல்லத் தேவையில்லை. அவருக்கு உஸ்பெக்கில் ஒரு சொல்லும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக எடுக்கவே இல்லை.

முறை இப்படி. கலாவதி உஸ்பெக் வரியைப் படிப்பாள். பிறகு சொல்லுக்குச் சொல் தமிழில் வைப்பாள். தியாகராஜா தொண்டையைச் செருமி, "அதாவது," என்று தொடங்குவார். அவருடைய பயன் எல்லாம் "அதாவது" என்றுதான் தொடங்கும். எப்போது முடியும் என்பது அவருக்கும் தெரியாது.

"'தண்ணிக்குள்ள இருந்து காய்ஞ்சபடி வெளியில வந்தான்'," என்பாள் கலாவதி.

"அதாவது, குற்றம் செய்தவன், பிடிபடேல்லை. ஊர் பார்க்க ஆத்துக்குள்ள குதிச்சவன் அந்தக் கரையில நிண்டு சீப்பால தலை இழுக்கிறான். வேட்டி நனையேல்லை. இப்பிடி ஒரு ஆளை எங்களுக்கும் தெரியும். பேர் சொல்லமாட்டன், வூட் கிரீனில கடை வச்சிருக்கிறார்."

அந்தக் கதைகளில் கள்ளனைக் கள்ளன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கை வளைந்தவன் என்பார்கள். வலுத்த தந்திரக்காரன் பாம்பின் கொழுப்பை நக்கினவன். விசாரணையில் பேசாமல் இருப்பவன் வாயில் வறுத்த மா போட்டிருப்பவன். பயந்தவனுடைய வண்ணத்துப்பூச்சி பறந்துவிடும். நினைத்த காரியம் பிழைத்துப்போனவனுடைய கமக்கட்டில் இடுக்கியிருந்த வத்தகைப்பழம், ஒரு முழுத் தர்ப்பூசணி, கீழே விழுந்துவிடும். இந்த வத்தகைப்பழம் ஒன்றுக்கே தியாகராஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பயன் சொன்னார்.

ஏனென்றால் அதற்குள் அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படிப்பாகிவிட்டது. அயல் வீட்டு ஆட்கள் வந்தார்கள். பிறகு அவர்களுடைய ஆட்கள் வந்தார்கள். கதிரை போதாமல் மாடிப்படியில் வரிசையாக இருந்தார்கள். தமிழில் மட்டும் சொன்னால் போதாதா என்று கலாவதி ஒருமுறை கேட்டதற்குச் சபை ஒத்துக்கொள்ளவில்லை. மூலம் காதில் விழவேண்டுமாம். விளங்காமல் கேட்டால்தான் விளங்கியது போல இருக்கிறதாம்.

சொற்கள் வீட்டை விட்டு வெளியேறின. சாரதிப் பரீட்சையில் தவறியவரிடம், வத்தகைப்பழம் எந்தச் சந்தியில் விழுந்தது என்று கேட்டார்கள். ஹைகேற் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் இரண்டாம் தரம் வந்து நின்ற ஒருவரைப் பார்த்து யாரோ பாம்புக் கொழுப்பு என்றார்கள், வரிசை முழுதும் சிரித்தது. தாஷ்கண்டுக்காரர் யாரும் அந்த வழியால் போயிருந்தால் ஊருக்கே வந்துவிட்டோம் என்று செருப்பைக் கழற்றியிருப்பார்.

கலாவதிக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. முன்கூட்டி ஒரு வரியும் வாசிக்கமாட்டாள். முதல் நாவலின்போது ஆசையில் முடிவைப் பார்த்துவிட்டாள். தியாகராஜா சந்தேகத்துக்குரிய ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவளுடைய புருவத்தைப் பார்த்தார். நாலாவது பெயருக்குப் புருவம் ஏறியது, கதை முடிந்தது. அதிலிருந்து சபைக்குத் தெரிகிறபோதுதான் அவளுக்கும் தெரியும்.

பத்து நாவல் முடிந்து தொண்ணூற்றொன்றில் பதினோராவது வந்தது. ஒரு பருத்திப் பண்ணையின் மண்டபச் சுவரில் தொங்கிய பழைய கம்பளம் களவு போகிறது. சந்தேகம் நாலு பேரில்: தேத்தண்ணிக் கடைக்காரர், மிருக வைத்தியர், பருத்தி நிறுப்பவர், நூலகக்காரி. விசாரிக்க வருபவர் அதிகம் பேசாத ஒரு பொலிஸ் மேஜர். தியாகராஜா முதல் நாளே பருத்தி நிறுப்பவர்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். நூலகக்காரி மட்டும் இல்லையாம், அந்தப் பிள்ளை பாவமாம்.

நாவலின் நடுவில் தியாகராஜாவின் நெஞ்சு தன் வேலையைக் காட்டியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், அடைப்பு என்றார்கள், வெட்டித் திறக்கவேண்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை நாள் வைத்தார்கள். திங்கள் வந்து படுக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்னமே தியாகராஜா தீர்ப்புச் சொன்னார்.

"ஆர் எடுத்ததெண்டு தெரியாமல் நான் நெஞ்சைத் திறக்க விடமாட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிரவு அவர் படியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியதைக் கலாவதி கீழே நின்று கேட்டாள். அவளுக்குத் தேவையானது மிகச் சின்ன விஷயம். செவ்வாய்க்குப் பிறகும் யாராவது ஒருவர் தன் எதிரே இருந்து "அதாவது" என்று தொடங்கவேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையே மிச்சம் முழுவதையும் ஒரே இருப்பில் படித்து முடிப்பது என்று ஏற்பாடு. படிப்பு நிறைவு என்றால் சபைக்குத் தின்னக் கொடுக்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை அக்கா கடலைவடையைப் பொறுப்பெடுத்தார். சனிக்கிழமை கலாவதி கணவருக்கு ஆஸ்பத்திரிப் பிஜாமா வாங்கப் போன நேரம், கனகாம்பிகை அவளுடைய குசினியில் நின்று முதல் ஈடு வடையைச் சுட்டார். ஞாயிறு வேலை இருப்பவர்களுக்குக் கோயிலில் வைத்துக் கொடுப்பதற்கு.

இப்போது கனகாம்பிகையின் கொள்கையைச் சொல்லவேண்டும். எழுத்தென்றால் சரஸ்வதி. தமிழ்ப் பேப்பரில் அவர் எண்ணெய்ப் பண்டம் வைக்கவே மாட்டார். இங்கிலீஷ் பேப்பரிலும் வைக்கமாட்டார், மகன் அதில்தான் பாஸ் பண்ணினவன். எண்ணெய் வடிய விட ஒன்றும் கிடைக்காமல் தடுமாறியபோது, ரொட்டி வைக்கிற பாண் பெட்டிக்கு மேலே மஞ்சள் நிறத்தில் இரண்டு தாள் இருந்தது. அதில் நெளிவு நெளிவாக ஏதோ கிறுக்கி இருந்தது.

சோவியத் பசை லண்டன் ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் நாவலின் கடைசி இரண்டு தாளும் கழன்றிருந்தன. கலாவதி பத்திரமாக இருக்கட்டும் என்று பாண் பெட்டிக்கு மேலே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி நிறைந்தது. மேஜர் நாலு பேரையும் மண்டபத்தில் இருத்தினார். "'கை வளைஞ்ச ஆள் இந்த அறைக்குள்ளதான் இருக்கிறார்'," என்று கலாவதி தமிழில் வைத்தாள். தியாகராஜா பயன் சொல்ல வாய் திறந்தார், முதலில் முடிவு என்று சபை அடக்கியது. கலாவதி தாளைப் புரட்டினாள். அங்கே வெறும் அட்டை. எழும்பிப் போய்ப் பாண் பெட்டிக்கு மேலே பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்து, கடைசி இரண்டு தாளையும் யாராவது கண்டார்களா என்று கேட்டாள். சபையில் ஒரு ஆளுடைய வாயில் மட்டும் வறுத்த மா இருந்தது. தியாகராஜா மேஜரைப் போல இரண்டு அடி நடந்து போய் நின்றார்.

"கனகாம்பிகை அக்கா. உங்கட வண்ணத்துப்பூச்சி இப்ப கூரைக்கு மேல பறக்குது. சொல்லுங்கோ."

"அந்த நெளிஞ்ச பேப்பரோ தம்பி? அது எழுத்தெண்டு ஆருக்குத் தெரியும்," என்றார் கனகாம்பிகை.

சபை இடிந்து விழுந்து சிரித்தது. தியாகராஜாவும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் மெல்ல இருந்தார். கலாவதி மட்டும் சிரிக்கவில்லை. அதில் வடையைச் சுற்றி யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். ஒரு பொட்டலம் ஆர்ச்வேயில் இருக்கிற பவளக்கொடிக்கு. மற்றது கிங்ஸ்பரியில் செல்வரத்தினத்துக்கு.

திங்கட்கிழமை காலை கணவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டுக் கலாவதி புறப்பட்டாள். பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்குத் திரும்பவேண்டும். கைப்பைக்குள் கனகாம்பிகை கொடுத்துவிட்ட ஒரு தகர ரின் நிறையப் புது வடை இருந்தது. செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாம். நெஞ்சு வெட்டப் போகிறவருக்கு எண்ணெய் வடை அனுப்பிய ஒரே ஆள் லண்டனில் அவராகத்தான் இருக்கும்.

பவளக்கொடி மலேசியாக்காரி, ஒரு கம்பெனியில் கணக்காளர், எல்லாவற்றையும் உரிய இடத்தில் வைக்கிறவர். அந்தத் தாள் எங்கே என்று கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்திரமா இருக்கு கலா. கோயில்ல குடுத்தாங்களா, ஏதோ பெரிய பூசை எந்திரம்னு நெனச்சேன். குளிச்சிட்டுத்தான் தொட்டேன்."

தாள் சாமி அறையில் இருந்தது. நாலு மூலையிலும் குங்குமம், நடுவில் ஒரு செம்பரத்தம்பூ. அதற்கு முன்னால் ஊதுபத்தி வேறு. வந்ததிலிருந்து வீட்டில் நல்லதே நடக்கிறது என்று பவளக்கொடி சொன்னார். கலாவதி அது ஒரு கம்பளக் களவு என்று சொல்ல மனமில்லாமல், இன்னொருவருடைய உடம்புக்குத் தேவைப்படுகிறது என்று மட்டும் சொல்லிக் கேட்டாள். அது பொய்யும் இல்லை. பவளக்கொடி கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். பக்க எண்ணைப் பார்த்தால் அது கடைசிக்கு முந்திய தாள். எண்ணுக்கு மேலே கண்ணில் பட்ட கடைசி வரியில் மேஜர் இன்னும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

கிங்ஸ்பரியில் செல்வரத்தினம் அண்ணை இரவு ஷிப்ட் முடிந்து நித்திரையில் இருந்து எழும்பி வந்தார். வடை நல்ல வடை என்றார். தாளா என்று யோசித்தார். பிறகு, சனிக்கிழமை பெய்த மழையைப் பற்றி நீளமாகக் கதைத்தார். கலாவதி அவருடைய கண் போன திசையைப் பார்த்தாள். கதவடியில் ஒரு சோடிச் சப்பாத்து ஈரம் உறிஞ்சக் கடதாசி அடைத்தபடி கிடந்தது.

"இடது கால்," என்றார் செல்வரத்தினம் அண்ணை, தரையைப் பார்த்தபடி. "மாவுக்குள்ள இருந்து மயிரை உருவுற மாதிரி மெதுவா உருவும் பிள்ளை, கிழிஞ்சு போகும்."

சுகமாக முடிகிற வேலைக்கு உஸ்பெக் கதைகளில் சொல்லுவது அது. அவரும் சபைக்கு வருகிறவர்தான். தாள் முழுதாகவே வந்தது. சப்பாத்தின் வாசத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

திரும்பும் ரெயினில் கலாவதி ஜன்னலோரம் இருந்தாள். கண்டிப்பு கண்டிப்புத்தான். தாளை வாசிக்கப் போவதில்லை, ஈரம் காயட்டும் என்று விரித்து மடியில் வைத்தாள், முதற்பக்கம் மேலே இருக்க. அந்தப் பக்கத்தில் பெயர் இருக்காது என்று அவள் நம்பினாள், மேஜர் இன்னும் கோப்பையைக் கீழே வைக்கவில்லையே. வெம்பிளி தாண்ட வெயில் வந்தது. எண்ணெய் ஊறிய தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கத்து எழுத்துகள் இடம்வலம் மாறி முன்னால் எழும்பி வந்தன.

இன்னொருவருக்கு அது வெறும் நெளிவு. துணியைப் பின்பக்கம் பார்த்து முன்பக்கத்துப் பூவைச் சொல்லிப் பழகிய கண்ணுக்கு அப்படி இல்லை. கண்ணை மூடுவதற்குள் பூ தெரிந்துவிட்டது.

கலாவதி தாளை மடித்துப் பைக்குள் தள்ளினாள். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி, நல்ல செய்தியா என்று கேட்டாள். ரெயினில் வந்த யாரோ ஒருத்திக்கே முகம் அவ்வளவு சொல்லிவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் காத்திருப்பவருக்கு எவ்வளவு சொல்லும்? சொல்லிவிட்டால் என்ன, சொல்லத்தானே இவ்வளவு தூரம் ஓடினாள் என்று ஒரு மனம் சொன்னது. முடிவு தெரிந்தால் அவர் நிம்மதியாகப் போய்ப் படுப்பார். அந்த நிம்மதியை நினைக்கத்தான் அவளுடைய வண்ணத்துப்பூச்சி பறந்தது. நிம்மதியாகப் படுக்கிற மனுஷன் எதற்காக எழும்பவேண்டும்? பேக்கர் ஸ்ட்ரீற்றில் இறங்கி ரெயின் மாறும்போது அவள் முடிவெடுத்திருந்தாள்.

தியாகராஜா கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். புதுப் பிஜாமா, நெற்றியில் திருநீறு. கலாவதி தாள் இரண்டையும் எடுத்துக் காட்டினாள். பவளக்கொடியின் குங்குமத்தையும் செல்வரத்தினத்தின் இடது காலையும் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "படியும்," என்றார்.

"புதன்கிழமை படிக்கிறன்."

"என்ன கதை இது? நாளைக்கு வெட்டுறாங்கள்."

"ஓம். வெட்டிப்போட்டு வாங்கோ. பயன் சொல்ல ஆளில்லாமல் நான் முடிவு படிக்கமாட்டன்."

தியாகராஜா அவளை உற்றுப் பார்த்தார். ஸ்ரேஷன் வாசலில் வருகிறவனைப் பார்க்கிற பார்வை.

"நீர் பாத்திட்டீர்."

அவள் தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்து, குரலை மேஜருடைய குரலாக்கினார். "தேத்தண்ணிக் கடைக்காரன்," என்று சொல்லிப் புருவத்தைப் பார்த்தார். "மிருக வைத்தியர்." கலாவதி கூரையைப் பார்த்தாள். "பருத்தி நிறுக்கிறவன்." கலாவதிக்கு மூக்கு விடைத்தது, கன்னம் துடித்தது. இன்னும் ஒரு பெயர்தான் மிச்சம், அதைச் சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். வேறு வழி தெரியாமல் கைப்பையைத் திறந்து, கனகாம்பிகையின் வடை ஒன்றை முழுதாக எடுத்து வாய்க்குள் திணித்தாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, முகத்தில் வடையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

தியாகராஜா ஒரு கணம் வாய் பிளந்து பார்த்தார்.

"வறுத்த மாவுக்குப் பதிலா வடையோ? பாம்புக் கொழுப்பை நக்கினதோட நில்லாமல் பாம்பையே திண்டவள் நீர்," என்றார்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழும்பிவிட்டார். அயர்லாந்து நேர்ஸ் ஓடிவந்து, இந்த நெஞ்சு நாளைவரை இருக்கவேண்டும் என்று ஏசினாள். வடை ரின்னையும் பறித்துக்கொண்டு போனாள். போகிற வழியில் அவளும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள்.

பார்வையாளர் நேரம் முடிய மணி அடித்தது. கலாவதி எழும்பும்போது அவர் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"பருத்தி நிறுக்கிறவன்தானே? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போம்."

வாய் நிறைய வடை. தலையையும் ஆட்டாமல் போய்விட்டாள். நடைபாதையில் திரும்பிப் பார்த்தபோது தியாகராஜா விரல்விட்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார், கோபத்தோடு. நல்ல கோபம். அந்தக் கோபத்தோடேயே நாளைக்குப் போகட்டும் என்று கலாவதி நினைத்தாள். வாசலுக்கு வெளியே பஸ் தரிப்பில் நின்றுதான் அழுதாள். வடையை அப்போதுதான் விழுங்க முடிந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஒரு நடைபாதையில் கழிந்தது. கனகாம்பிகை கூட வந்திருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னேரம் ஒரு டொக்டர் வந்து எல்லாம் சரி என்றார். ஆனால் கலாவதி கேட்க இருந்த சொல் டொக்டரிடம் இல்லை.

புதன்கிழமை தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். தியாகராஜா வெளிறிப்போய், எங்கெங்கோ வயர் கொளுவியபடி கிடந்தார். கண் திறந்தது. உதடு அசைந்தது. கலாவதி காதைக் கிட்டக் கொண்டுபோனாள். "ஆர்?" என்றார்.

அவள் எண்ணெய்த் தாளை எடுத்தாள். முறைப்படி உஸ்பெக்கில் முதலில் படித்தாள், ஒரு சொல்லையும் விடவில்லை. என்ன பிரார்த்தனை என்று அதே அயர்லாந்து நேர்ஸ் கிசுகிசுத்துக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு கலாவதி தமிழில் வைத்தாள்.

"'மேஜர் கோப்பையைக் கீழ வச்சார். கை வளைஞ்ச ஆள் நீங்கள்தான் எண்டு நூலகக்காரியைப் பாத்துச் சொன்னார்.'"

நாலு மாதமாக அந்தப் பிள்ளை பாவம் என்று சபைக்குச் சொன்ன மனுஷன் அசையாமல் கிடந்தார். இயந்திரத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கலாவதி குனிந்து, வத்தகைப்பழம் விழுந்திட்டுதோ என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளும் தாளை மடிக்கத் தொடங்கினாள்.

அப்போது தொண்டை செருமுகிற சத்தம் கேட்டது. அறுத்த நெஞ்சு நோக முகத்தைச் சுளித்து, மூச்சு எடுத்து, திரும்ப எடுத்து, கடதாசி கசங்குகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அதாவது..."

பேசவேண்டாம் என்று நேர்ஸ் சைகை காட்டினாள். அவர் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளை கம்பளத்தைக் களவெடுக்கேல்லை, அது சுவரில தனிய இருந்து குளிரில நடுங்கினதைப் பாக்க ஏலாமல் கூட்டிக்கொண்டு போனவள், இதைத்தான் தான் முதல் நாளே சொன்னது, சபைதான் விளங்கிக்கொள்ளவில்லை என்று நாலு நாலு சொல்லாக, மூச்சு வாங்கி வாங்கிப் பயன் சொல்லிக்கொண்டு போனார். சுத்தப் பொய். கலாவதி இடைமறிக்கவில்லை. அவளுடைய முகம் அப்போது சொன்னதை வாசிக்கத் தமிழோ உஸ்பெக்கோ தேவைப்படவில்லை. நேர்ஸ் ஒருமுறை பார்த்துவிட்டு, திரையை மெல்ல இழுத்து மூடிவிட்டு, மிச்ச வடையைத் தேடிப் போனாள்.